சீழ் பிடிக்காத புண்

காலில் முள் குத்துகிறது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். மறுநாள் அந்த இடம் சிவக்கிறது, அதற்கடுத்த நாள் மஞ்சளாக முகம் வைக்கிறது. "சீழ் வச்சிருச்சே" என்று வீட்டில் யாராவது சொன்னதும் முகம் சுளிக்கிறோம். புண் கெட்டுப்போனதற்கு அடையாளம் சீழ் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். ஒரு கைக்குழந்தை. உடம்பில் புண். அதில் கிருமி இருக்கிறது, குழந்தைக்குக் காய்ச்சலும் இருக்கிறது. புண் நாளுக்கு நாள் அகலமாகிறது. ஆனால் பொட்டுச் சீழ் கிடையாது. கிருமியோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளணுக்கள் இந்தக் குழந்தைக்குக் குறைவு போலிருக்கிறது என்று நினைத்து ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அறிக்கை வருகிறது: ஒரு மைக்ரோலிட்டருக்கு 60,000 வெள்ளணுக்கள். கைக்குழந்தைகளுக்கு மேல்வரம்பே ஏறக்குறைய 17,500தான். குறைவு எங்கே? மூன்று மடங்குக்கு மேல் கூடுதல்.

ரத்தத்தில் அவ்வளவு கூட்டம், புண்ணில் ஒரு ஆள் இல்லை. இது எப்படி?

இன்னொரு சின்ன விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கொடி விழுந்தாச்சா?" தொப்புள்கொடியின் காய்ந்த துணுக்கு வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழுந்துவிடும். சில வீடுகளில் அதைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவார்கள். நம் குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியும் கொடி விழவில்லை.

சீழ் வராத புண்ணும் விழாத கொடியும் ஒரே காரணத்தால் வருபவை. அந்தக் காரணத்தைக் கண்ணால் காட்டும் ஒரு கருவியைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

வெள்ளத்தில் போகிறவன் கரையேறுவது

சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன வெள்ளணுக்கள். அதிலும் நியூட்ரோபில் என்ற வகை. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைத் தயாரித்து ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. இவை பிறப்பது ஒரே வேலைக்காக: கிருமி இருக்கும் இடத்துக்குப் போய், அதை விழுங்கி, அங்கேயே சாவது. தொப்புள்கொடி உதிர்வதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. கொடியின் அடிப்பகுதியில் குவிந்து, அங்குள்ள திசுவைக் கரைத்து அறுத்துவிடுபவை இவைதான்.

சிக்கல் என்னவென்றால், கிருமி இருப்பது ரத்தக் குழாய்க்கு வெளியே. நியூட்ரோபில் போய்க்கொண்டிருப்பதோ குழாய்க்கு உள்ளே, ஓடும் ரத்தத்தோடு. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறவன் கரையேற வேண்டும் என்றால் முதலில் என்ன செய்வான்? ஓரத்து நாணலைப் பிடிப்பான். நாணல் கையோடு வந்துவிடும். அடுத்ததைப் பிடிப்பான், அதுவும் வந்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு பிடியிலும் வேகம் கொஞ்சம் குறையும். அப்புறம் ஒரு மரத்து வேர் அகப்படும். அதைப் பிடித்துத்தான் மேலே ஏறுவான்.

நியூட்ரோபில்லும் அப்படியே. காயம்பட்ட இடத்தில் ரத்தக் குழாயின் உட்சுவர் சில புரதங்களை நீட்டுகிறது. நியூட்ரோபில்லின் மேலிருக்கும் புரதங்களும் சர்க்கரைகளும் அவற்றைத் தொட்டுத் தொட்டு விடுகின்றன. இவை நாணல், செலக்டின் வகை. செல் உருண்டு உருண்டு மெதுவாகிறது. பிறகு இன்டெக்ரின் என்ற இன்னொரு வகைப் புரதம் சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. இதுதான் வேரைப் பிடிக்கும் கை. பிடி கிடைத்ததும் நியூட்ரோபில் தட்டையாகப் படுத்து, குழாய்ச் சுவரின் செல்களுக்கு இடையே நெளிந்து வெளியே போய்விடும். இப்படிச் செல்லின் மேற்பரப்பில் நின்று பிடிமானம் தரும் புரதங்களை ஒட்டுப்புரதங்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

வெள்ளணுக்களின் முக்கியமான இன்டெக்ரின்கள் ஜோடியாகத்தான் இருக்கும். ஜோடியில் ஒன்றின் பெயர் சிடி18. அதற்குத் துணையாக வருவது சிடி11. அதில் நான்கு வகை. செல்லுக்குள் உற்பத்தியாகும் இடத்திலேயே இரண்டும் கைகோத்துக்கொள்ள வேண்டும். கோத்தால்தான் மேற்பரப்புக்கு வர அனுமதி. சிடி18க்கான மரபணு 21வது குரோமோசோமில் இருக்கிறது. அந்த ஒரு மரபணு பழுதானால் சிடி18 வராது. சிடி18 வராததால், பழுதே இல்லாத நான்கு சிடி11 வகைகளும் உள்ளேயே சிதைந்துபோகும். ஒன்று போனால் ஐந்தும் போச்சு.

நம் குழந்தையின் நியூட்ரோபில்கள் வெள்ளத்தோடு போய்க்கொண்டே இருக்கின்றன. பிடிக்க வேர் உண்டு, கைதான் இல்லை. இறங்க முடியாததால் ரத்தத்திலேயே சேர்ந்துபோகின்றன. 60,000 வந்த கதை அதுதான். இந்த நோய்க்கு வெள்ளணு ஒட்டுக் குறைபாடு என்று பெயர். ஏறத்தாழ பத்து லட்சம் பிறப்பில் ஒன்று என்று கணக்கு.

எதற்கென்று தெரியாமலே செய்தது

கொடி விழாமை, ஓயாத தொற்று, நகர மாட்டாத நியூட்ரோபில் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் 1979ல் ஒரு கட்டுரை வந்தது. என்ன குறை என்பது அப்போது தெரியாது.

அதே 1979ல், இந்தக் குழந்தைகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு கட்டுரையும் வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் டிமத்தி ஸ்பிரிங்கர். கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனிடம் ஆய்வு செய்தவர். மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும் 1975ல் ஒரு வித்தையைக் கண்டுபிடித்திருந்தார்கள். அதைப் புரிந்துகொள்ள எதிர்ப்பொருள் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். டாக்டர்கள் வாயில் இதுவே ஆன்டிபாடி.

நம் உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று வந்தால், அதன் வடிவத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும்படி உடல் ஒரு புரதத்தை வார்க்கிறது. அதுதான் எதிர்ப்பொருள். பூட்டுக்குச் சாவி மாதிரி அத்தனை குறிப்பானது. ஆனால் ஒரே அந்நியப் பொருளுக்கு உடல் நூறு விதச் சாவிகள் செய்யும். எல்லாம் ரத்தத்தில் கலந்து கிடக்கும். கோலரும் மில்ஸ்டைனும் செய்தது, ஒரு விதச் சாவியை மட்டும் செய்யும் ஒற்றைச் செல்லைப் பிடித்து, அதைச் சாகாத ஒரு புற்றுச் செல்லோடு இணைத்தது. அந்தக் கலப்புச் செல் பெருகிக்கொண்டே இருக்கும். அத்தனையும் ஒரே அச்சு எதிர்ப்பொருளைச் சுரக்கும். 1984ல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்பிரிங்கர் சுண்டெலிகளின் மண்ணீரல் செல்களை எலிகளுக்குச் செலுத்தி, அவை என்னென்ன எதிர்ப்பொருள் செய்கின்றன என்று பார்த்தார். அப்படிக் கிடைத்ததில் ஒன்று, வெள்ளணுக்களில் சில வகைகளை மட்டும் பிடித்தது. எதைப் பிடிக்கிறது என்று பார்த்தால் ஒரு புதுப் புரதம். மேக்-1 என்று பெயர் வைத்தார்கள். அதற்கு என்ன வேலை? தெரியாது. சாவி கைக்கு வந்துவிட்டது, பூட்டு எந்த வாசலில் இருக்கிறது என்பதுதான் மர்மம்.

அடுத்த சில ஆண்டுகளில் அதன் உறவுப் புரதங்களும் அகப்பட்டன. 1984ல் ஸ்பிரிங்கரும் டொனால்ட் ஆண்டர்சன் முதலான மருத்துவர்களும் சேர்ந்து, கொடி விழாத குழந்தைகளின் வெள்ளணுக்களில் இந்த எதிர்ப்பொருள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. அந்தப் புரதக் குடும்பமே அங்கே இல்லை. புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குழந்தைகள் காட்டினார்கள். அதிலிருந்து புரதத்தின் வேலை புரிந்தது. மேக்-1 என்பது சிடி11பி, சிடி18 ஜோடிதான்.

பயன் தெரியாமல் ஓர் ஆய்வுக்கூடத்தில் செய்த பொருள், ஐந்தே ஆண்டில் நோயைச் சொல்லும் கருவியானது. "இதனால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று ஆய்வு மானியம் தருமுன் கேட்பவர்கள் இந்த இரண்டு 1979 கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

வரிசையில் விட்டுக் கேட்பது

எதிர்ப்பொருள் ஒட்டியதா என்று எப்படித் தெரியும்? அது கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு. 1941ல் ஆல்பர்ட் கூன்ஸ் அதற்கு வழி செய்தார். எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டினார். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒட்டிய இடம் மின்னும்.

ஆனால் நுண்ணோக்கியில் எத்தனை செல்களைப் பார்ப்பது? ஸ்டான்ஃபோர்டில் மரபியலாளர் லியோனார்ட் ஹெர்சன்பர்க் ஒளிரும் செல்களை இப்படி உட்கார்ந்து எண்ணியெண்ணிச் சலித்துப்போனவர். லாஸ் அலமோஸில் ஏதோ கருவி இருப்பதாகக் கேள்விப்பட்டார். ஆம், அணுகுண்டு செய்த அதே லாஸ் அலமோஸ்தான். அங்கே மேக் ஃபுல்வைலர் 1965ல் செல்களை நீர்த்துளிகளில் அடைத்து, துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, பருமன் வாரியாகப் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். சிவப்பணுக்களில் இரண்டு அளவு உண்டா என்று அப்போது ஒரு சர்ச்சை. இயந்திரத்தில் பிரித்து மறுபடி அளந்து பார்த்தபோது, ஓர் அளவுதான் என்றும், துளை வழியே போகும்போது செல் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதால் வந்த மயக்கமே இரண்டாவது அளவு என்றும் தெரிந்தது. சர்ச்சை தீர்ந்தது, இயந்திரம் மிஞ்சியது. ஹெர்சன்பர்க் குழு அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்தது. இன்று ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று ஆய்வுக்கூடங்களில் இருப்பது அந்த மரபில் வந்ததுதான். நான் அதைச் செல்லோட்டமானி என்று சொல்லப்போகிறேன்.

அதன் வேலை கேட்பதற்குச் சுலபம்: செல்களை ஒவ்வொன்றாக வரிசையில் விட்டு, ஒளியால் தொட்டு, என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொள்வது. செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். அவ்வளவு சிறியதற்குக் கம்பி வேலி கட்டி வரிசை போட முடியாது. அதனால் தண்ணீரையே வேலியாக்குகிறார்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கவனியுங்கள்: கீழே விழ விழ வேகம் கூடி, நீர்த்தாரை மெலிந்துகொண்டே போகும். இங்கும் அதே தந்திரம். நடுவில் செல்கள் மிதக்கும் திரவம் மெதுவாக வரும். சுற்றிலும் உப்புநீர் வேகமாக ஓடும். நடுத்தாரை இழுபட்டு, ஒரு செல் மட்டும் போகும் அளவுக்கு ஒல்லியாகிவிடும்.

அந்த ஒல்லித் தாரையை ஒரு நீல லேசர் கதிர் குறுக்கே வெட்டுகிறது. ஒவ்வொரு செல்லும் கதிரைக் கடக்கும்போது மூன்று விதப் பதில் தரும். முன்பக்கமாகச் சிதறும் ஒளியிலிருந்து அதன் பருமன் தெரியும். பக்கவாட்டில் சிதறும் ஒளியிலிருந்து உள்ளே எவ்வளவு குறுணை இருக்கிறது என்று தெரியும். சாயம் ஒட்டியிருந்தால் பச்சையோ ஆரஞ்சோ ஒளிரும். எவ்வளவு சாயமோ அவ்வளவு பிரகாசம். நொடிக்கு ஆயிரக்கணக்கான செல்களிடம் இந்த மூன்று கேள்வியும் கேட்டு முடித்துவிடுகிறது.

குழந்தையின் ரத்தம் ஒரு பிற்பகலில்

இனி நம் குழந்தையிடம் திரும்புவோம். குழந்தையும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை, செய்முறை நிஜம்.

காலையில் ரத்தம் எடுத்தாகிவிட்டது. கூடவே அம்மா, அப்பாவின் ரத்தமும், உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் வந்திருக்கின்றன. கடைசி ஆள் எதற்கு? இன்று இயந்திரம் எப்படி இருக்கிறது, எதிர்ப்பொருள் பழசாகிவிட்டதா, சாயம் வெளுத்துவிட்டதா என்பதையெல்லாம் சொல்ல. அவர் ரத்தத்தில் சிடி18 ஒளிரவில்லை என்றால் குறை குழந்தையிடம் இல்லை, நம் மேசையில் இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு குழல். ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலிட்டர் ரத்தம். முதல் குழலில், சாயம் கட்டிய சிடி18 எதிர்ப்பொருள். இரண்டாவதில், அதே சாயம் கட்டிய, ஆனால் மனித செல்லில் எதற்கும் பொருந்தாத ஓர் எதிர்ப்பொருள். இந்த இரண்டாவதைப் பலர் வெட்டிச் செலவு என்று நினைப்பார்கள். அப்படியல்ல. நியூட்ரோபில்லின் மேல், எந்த எதிர்ப்பொருள் வந்தாலும் அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. கிருமியைப் பிடிக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆகவே சாவி பூட்டுக்குப் பொருந்தாமலே கொஞ்சம் சாயம் செல்லில் ஒட்டியிருக்கும். அந்தப் பொய் வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் மெய் வெளிச்சத்தைச் சொல்ல முடியும்.

எல்லாக் குழலிலும் சிடி45 எதிர்ப்பொருளையும் வேறு நிறச் சாயத்தில் சேர்க்கிறோம். சிடி45 வெள்ளணுக்கள் எல்லாவற்றிலும் இருப்பது. அது ஒளிர்ந்தால், செல்கள் நன்றாக இருக்கின்றன, கலக்கியதும் சரிதான் என்று அர்த்தம். அதற்குப் பிறகு சிடி18 இருட்டாக இருந்தால் அந்த இருட்டை நம்பலாம்.

அரை மணி நேரம் வெளிச்சம் படாமல் மூடி வைக்கிறோம். பிறகு சிவப்பணுக்களை ஒழிக்க வேண்டும். வழக்கமான ரத்தத்தில் ஒரு வெள்ளணுவுக்குப் பல நூறு சிவப்பணுக்கள் இருக்கும். அம்மோனியம் குளோரைடு கலந்த நீர் ஊற்றினால் அவை ஊதி வெடித்துவிடும், வெள்ளணுக்கள் தாக்குப்பிடிக்கும். கலங்கலாக இருந்த குழல் சில நிமிடத்தில் தெளிந்து, கண்ணாடி மாதிரி சிவப்பாக நிற்பதைப் பார்ப்பது இந்த வேலையில் ஒரு சின்னச் சந்தோஷம். சுழற்றி, கழுவி, இயந்திரத்தில் வைக்கிறோம்.

திரையில் முதலில் வருவது புள்ளிக் கூட்டம். ஒரு புள்ளி ஒரு செல், ஒவ்வொரு வெள்ளணு வகைக்கும் ஒரு கூட்டம். சிறியதாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் லிம்போசைட்டுகள் கீழே கூடுகின்றன, மோனோசைட்டுகள் நடுவே, குறுணை நிறைந்த நியூட்ரோபில்கள் மேலே. சாயமே போடாவிட்டாலும் இந்த மூன்று கூட்டமும் பிரிந்துவிடும். குழந்தையின் திரையில் மேல்கூட்டம் திருவிழாக் கூட்டம் போல அடர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கோடு வளைத்து, "இவற்றை மட்டும் காட்டு" என்கிறோம்.

இப்போது பிரகாசம். ஆரோக்கியமானவரின் நியூட்ரோபில்கள் பொருந்தாத எதிர்ப்பொருளில் 40 காட்டுகின்றன, சிடி18ல் 4,000. குழந்தையுடையது பொருந்தாததில் 40, சிடி18ல் 55. இரண்டிலும் பொய் வெளிச்சத்தைக் கழித்தால் 3,960க்கு எதிரே 15. நூற்றுக்கு அரை கூட இல்லை. சிடி45 பளிச்சென்று இருக்கிறது. லிம்போசைட்டுகளையும் மோனோசைட்டுகளையும் தனித்தனியே பார்த்தாலும் சிடி18 இருட்டுதான்.

வழக்கமான அளவில் நூற்றுக்கு 2க்குக் கீழே இருந்தால் கடுமையான வகை என்கிறார்கள். 2 முதல் 30 வரை மிதமான வகை. கடுமையான வகைக் குழந்தைகளில் மஜ்ஜை மாற்று கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. மிதமான வகையினர் ஈறு நோய், ஆறாத புண் என்று அவதிப்பட்டாலும் பெரியவர்களாகிறார்கள். எண் சின்னதுதான், அதைப் பொறுத்துத்தான் எத்தனை அவசரம் என்பது முடிவாகிறது.

அம்மாவின் குழல் 2,100 காட்டுகிறது, அப்பாவுடையது 1,900. இருவரும் பாதி. இருவரிடமும் ஒரு நல்ல மரபணு, ஒரு பழுதானது. பாதிப் பிடிமானமே ஒரு வாழ்நாளுக்குப் போதும், அவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. இருவரின் பழுதும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் வினை. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் சமூகங்களில் இந்த நோய் கூடுதலாக எட்டிப்பார்ப்பது அதனால்தான்.

மனிதர்களுக்கு மட்டுமல்ல. ஹோல்ஸ்டீன் மாடுகளில் இதே நோய் உண்டு. அமெரிக்காவில் 1992ல் வெளியான ஆய்வு ஒன்றில், பார்த்த காளைகளில் நூற்றுக்கு 14ம், பசுக்களில் கிட்டத்தட்ட 6ம் இந்தப் பழுதைச் சுமந்தன. வம்சாவளியைத் தேடிப்போனால் ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற ஒரே பொலிகாளையில் போய் நின்றது. பால் கறவையில் பேர்போன வம்சம் என்று அதன் விந்தை உலகமெல்லாம் அனுப்பியிருந்தார்கள். இன்று இந்தியாவிலும் விந்து நிலையங்களுக்கு ஹோல்ஸ்டீன் கலப்புக் காளைகளை எடுக்குமுன் இந்தப் பழுது உண்டா என்று சோதிக்கிறார்கள்.

சராசரி எங்கே ஏமாற்றும்

ரத்தத்தை அப்படியே அரைத்து, மொத்தத்தில் எவ்வளவு சிடி18 என்று அளந்துவிடலாமே, ஒவ்வொரு செல்லையும் ஏன் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் செல்லோட்டமானியின் உயிர் இருக்கிறது.

இரண்டு குழந்தைகள். இருவரிடமும் மொத்த சிடி18 வழக்கமானதில் நூற்றுக்குப் பத்து. முதல் குழந்தையிடம் எல்லாச் செல்களும் பத்துப் பங்கு மங்கலாக ஒளிர்கின்றன. அரைத்துப் பார்த்தால் பத்து. இரண்டாவது குழந்தையிடம் பத்தில் ஒன்பது செல் முழு இருட்டு. பத்தில் ஒன்று முழுப் பிரகாசம். அரைத்துப் பார்த்தால் அதுவும் பத்துதான். எவ்வளவு பிரகாசத்தில் எத்தனை செல் என்று வரைந்தாலோ, முதலாவதில் ஒரே மேடு, இரண்டாவதில் இரண்டு மேடு.

முதல் குழந்தைக்கு மிதமான நோய். இரண்டாவது குழந்தை கடுமையான நோயோடு பிறந்து, சிகிச்சைக்குப் பின் பிழைத்துக்கொண்டிருக்கலாம். மஜ்ஜை மாற்று செய்த பிள்ளையிடம் கொடையாளியின் செல்கள் வேர்விட்டதா என்று பார்க்கும்போது வருவது இந்த இரண்டாவது மேடுதான். அண்மைக் காலத்தில் குழந்தையின் சொந்த மஜ்ஜைச் செல்லை வெளியே எடுத்து, அதில் நல்ல மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சையைக் கடுமையான நோயுள்ள 9 குழந்தைகளுக்குச் செய்தார்கள். ஓராண்டு கழித்து ஒன்பது பேரும் உயிரோடு இருந்தார்கள், யாருக்கும் மஜ்ஜை மாற்று தேவைப்படவில்லை. அங்கேயும் மருத்துவர்கள் காத்திருந்து பார்த்தது, இருட்டு மேட்டுக்கு வலப்பக்கம் ஒரு குட்டி மேடு எழுகிறதா என்பதைத்தான்.

சிகிச்சையே இல்லாமலும் குட்டி மேடு வருவதுண்டு. இந்த நோயாளிகள் சிலரின் டி-செல் என்ற வெள்ளணுக்களில் பழுதான மரபணு தானாகவே திருந்திவிட்டிருக்கிறது. அரைத்துப் பார்த்தவர் கண்ணுக்கு அது ஒருபோதும் படாது.

ஒட்டியிருப்பதைப் பிரிக்காமல் அளக்க முடியாது

ரத்தச் செல்கள் ஏற்கெனவே மிதப்பவை, நமக்கு வசதி. குடல், தோல், புற்றுக்கட்டி ஆகியவற்றின் செல்களில் ஒட்டுப்புரதத்தை அளக்க வேண்டும் என்றால் ஒரு வேடிக்கையான சிக்கல் வரும். வரிசையில் விட வேண்டுமானால் செல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பதே நாம் அளக்க விரும்பும் புரதம்.

ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பிரிக்க எல்லோரும் எடுப்பது டிரிப்சின், ஒரு செரிமான நொதி. அது பிடியை வெட்டும். அதாவது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தலையைச் சீவிவிடும். பிறகு எதிர்ப்பொருளைப் போட்டால் ஒட்ட இடம் இருக்காது. "இந்தச் செல்லில் ஒட்டுப்புரதம் இல்லை" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டால், இல்லாமல் செய்தது நாம்தான் என்பது தெரியாமலே போகும். டிரிப்சினை விட்டுவிட்டு, கால்சியத்தை உறிஞ்சும் வேதிப்பொருள் போட்டு மெதுவாகப் பிரிக்கலாம். டிரிப்சினே வேண்டுமென்றால் கால்சியத்தை விட்டுவைப்பதும் உதவும். கட்டிச் செல்களின் இ-கேடெரின் என்ற புரதத்துக்குக் கால்சியமே காவல். கால்சியம் இருக்கும்போது டிரிப்சினால் அதைச் சுலபத்தில் வெட்ட முடியாது. எந்தப் புரதத்தைத் தேடுகிறோமோ அதற்கேற்ற பிரிப்பு முறை.

ரத்தத்திலும் தொல்லை இல்லாமல் இல்லை. நியூட்ரோபில் தொட்டாற்சிணுங்கி. குழலை அதிகம் குலுக்கினாலோ வெகுநேரம் வைத்திருந்தாலோ, கிருமி வந்துவிட்டதாக நினைத்து, நாணலைப் பிடிக்க வைத்திருக்கும் புரதத்தை உதிர்த்துவிட்டு, உள்ளே பதுக்கியிருக்கும் மேக்-1 இருப்பை மேலே கொண்டுவந்துவிடும். அனுபவசாலிகள் இதையே சோதனையாக மாற்றிக்கொண்டார்கள்: வேண்டுமென்றே தூண்டிவிட்டு, மேக்-1 ஏறுகிறதா என்று பார்ப்பது. ஆரோக்கியமானவரிடம் மடங்கு மடங்காக ஏறும். நம் குழந்தையிடம் அசையாது.

இருக்கிறது, பிடிக்கவில்லை

எதிர்ப்பொருள் ஒட்டினால் புரதம் இருக்கிறது. அது வேலை செய்கிறதா? இந்தக் கேள்விக்கு எதிர்ப்பொருள் பொறுப்பல்ல. 1999ல் விவரிக்கப்பட்ட ஒரு நோயாளியிடம் சிடி18 மேற்பரப்பில் கணிசமாகவே இருந்தது. ஆனால் அதன் வடிவத்தில் பிசகு இருந்ததால் எதையும் பிடிக்கவில்லை. சிடி18 பழுதால் வருவது ஒட்டுக் குறைபாட்டின் முதல் வகை, இன்னும் இரண்டு வகை உண்டு. மூன்றாம் வகையில் இன்டெக்ரின்கள் பழுதில்லாமல் நிற்கும். உள்ளிருந்து அவற்றை முடுக்கிவிடும் கிண்ட்லின்-3 என்ற புரதம் இருக்காது. கை இருக்கிறது, விரல் மடங்காது. செல்லோட்டமானி "எல்லாம் சரி" என்று அறிக்கை தரும், குழந்தை தொற்றில் துவண்டுகொண்டிருக்கும். இதற்காகவே, இன்டெக்ரின் விழித்து நிமிர்ந்த நிலையில் மட்டும் வெளித்தெரியும் ஒரு மூலையைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களையும் செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் வகையின் கதை நம் நாட்டோடு சம்பந்தப்பட்டது. அதில் வேர் பிடிக்கும் கை சரியாக இருக்கும். நாணல் பிடிக்கத் தேவையான சர்க்கரை செல்லின் மேல் இருக்காது. ஃபியூகோஸ் என்ற அந்தச் சர்க்கரையை இணைக்க முடியாததால் வரும் குறை. அதே ஃபியூகோஸ் இல்லாமல் ரத்த வகைகளுக்கு அடிப்படையான எச் பொருளும் அமையாது. ஆகவே இந்தக் குழந்தைகளின் ரத்தம், 1952ல் ஒய். எம். பெண்டேயும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்த பம்பாய் ரத்த வகையாகத் தெரியும். பம்பாய் வகை ரத்தம் உள்ளவர்கள் பதற வேண்டாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் குறை வேறொரு மரபணுவில். அவர்களின் வெள்ளணுக்கள் ஒழுங்காகவே கரையேறுகின்றன.

கொடி தாமதமாக விழுவதும் அப்படித்தான். மூன்று வாரம் தாண்டி விழும் கொடிகளில் பெரும்பாலானவை ஆரோக்கியமான குழந்தைகளுடையவை. ஆனால் தாமதத்தோடு தொப்புளைச் சுற்றிச் சிவப்பும், திரும்பத் திரும்பத் தொற்றும், சீழ் வைக்காத புண்ணும், ரத்தத்தில் அளவுக்கு மீறிய வெள்ளணுக்களும் சேர்ந்தால், குழந்தை மருத்துவரிடம் சிடி18 சோதனை பற்றிக் கேளுங்கள். குடும்பத்தில் முன்பே ஒரு குழந்தை காரணம் தெரியாத தொற்றில் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சோதனைக்கு ஓரிரு மில்லிலிட்டர் ரத்தம் போதும். அது ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் மேடு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.